சீல் பிரிக்காத வெள்ளிக் காசு

26 அக்டோபர் 2025, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே எஸ்டேட் வரிசை வீட்டில், எங்கள் லயத்து வாசலில் கூட்டம். என்னைப் பார்க்க. எழுதும்போதே சிரிப்பு வருகிறது, ஆனாலும் எழுதுவேன்.

தீபாவளிக்கு எஸ்டேட்டில் போனஸில் பாதியைப் பணமாகக் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளிக் காசு. இருபது கிராம். முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் 999. கெட்டிப் பிளாஸ்டிக் அட்டைக்குள் வைத்து ஒட்டி, மேலே பளபளவென்று ஒரு சீல். வெள்ளி விலை தினமும் ஏறுகிற நேரம் என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. நான் மட்டும் முணுமுணுத்தேன். காப்பிப் பழம் பறித்தவளுக்குக் கூலி, போனஸ் எல்லாம் பணம்தான். அதைப் பணமாகவே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"வாய மூடுடி, தொரை காதுல விழுந்துரப் போகுது" என்றாள் அம்மா. அம்மா சொல்லும் தொரை, மேனேஜர் குருநாதன். அவனுக்கு வயது முப்பத்தாறு. அம்மாவுக்கு ஐம்பது. ஆறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். அங்கே பழகிய 'தொரை' இன்னும் அவள் நாக்கில் இருக்கிறது.

கூட்டம் வந்ததற்குக் காரணம் யாரோ போனில் பார்த்த வீடியோ. ஊரெல்லாம் போலி வெள்ளியாம். நான் கொடைக்கானலில் வெள்ளிக்கடையில் வேலை பார்ப்பவள், பி.எஸ்சி. இயற்பியல் வேறு. கடையில் வைத்திருக்கிற மாதிரி ஒரு காந்தம் என்னிடமும் உண்டு. ஒவ்வொரு அட்டை மேலும் வைத்துக் காட்டினேன். ஒன்றிலும் ஒட்டவில்லை. இருபத்திரண்டு காசும் அசல் என்றேன்.

மூக்கம்மா அத்தை ஒரு சீப்பு மலைவாழை கொடுத்துவிட்டுப் போனாள். "படிச்ச புள்ள ஒண்ணு லயத்துல இருந்தா எம்புட்டு ஒத்தாச பாரு. இல்லேன்னா வத்தலக்குண்டுல போயி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணும்."

மதியம் அம்மா எனக்கு மட்டும் முட்டை பொரித்தாள். அம்மா இங்கே கங்காணி, பறிக்கிற ஆட்களுக்கு மேலாள். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பெரட்டுக்களத்தில் — காலையில் ஆளெடுக்கிற இடத்தில் — அந்தக் காசுகள் கைமாறின.

இன்று எனக்குப் பெருமையாக இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.


30 அக்டோபர், வியாழன்

மழை. பெருமாள்மலையில் மரம் விழுந்து பஸ் ஒரு மணி நேரம் நின்றது. கடைக்குத் தாமதம். முதலாளி சேனாதிபதி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.


6 நவம்பர், வியாழன்

ஒரு கணவன் மனைவி, சுற்றுலா வந்தவர்கள். ஏரிப் பக்கம் யாரோ விற்ற வெள்ளைக்கார ராணிக் காசு ஐந்து. 'நூற்றைம்பது வருஷப் பழசு, வெள்ளி' என்று சொல்லி விற்றிருக்கிறான். இங்கே விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைப்பு.

கையில் எடுத்ததுமே தெரிந்தது. ராணியின் கன்னம் தேய்ந்திருக்கிறது, பக்கத்தில் எழுத்து மட்டும் நேற்று அடித்ததுபோல் கூர்மை. தேய்வது என்றால் எல்லாம்தானே தேயும்? விளிம்பில் நகத்தை ஓட்டினால் ஒரு கோடு தடுக்கியது — அச்சில் ஊற்றியதன் கோடு. அந்தக் காலத்து ரூபாய் பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். இது பத்தைத் தொடவில்லை. கண்ணாடி மேசையில் போட்டேன். நல்ல வெள்ளி என்றால் ஓசை இழுத்துக்கொண்டு போகும். இது 'டக்' என்று படுத்துக்கொண்டது.

சேனாதிபதி தலையாட்டினார். அவர் வாயிலிருந்து வருகிற அதிகபட்சப் பாராட்டு அதுதான். யாரும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. எட்டு மாதமாக ஏமாந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றேன்.

கணவனுக்குக் கோபம். "மேடம், நாங்க காந்தம் வெச்சுப் பார்த்துத்தான் வாங்கினோம். ஒட்டவே இல்ல."

நான் ரொம்ப மிதப்பாகச் சொன்னேன். "சார், காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். செம்பு ஒட்டாது, பித்தளை ஒட்டாது, ஈயமும் —"

அங்கே என் நாக்கு நின்றுவிட்டது.


7 நவம்பர், வெள்ளி

மூன்று வருஷம் இயற்பியல். ஒட்டினால் போலி, சரி. ஒட்டாவிட்டால் அசல் என்று எந்தப் புத்தகத்திலடி படித்தாய்?


9 நவம்பர், ஞாயிறு

அம்மாவிடம் காசைக் கேட்டேன். சாமிப்படத்துக்கு முன்னால் இருக்கிறது. அட்டை மேலேயே மஞ்சள், குங்குமம். லயத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். காசைப் பூசையில் வைக்கிறார்கள், சீலைப் பிரிப்பதில்லை. பிரித்தால் லட்சுமி போய்விடுவாளாம். குருநாதனும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறான்: "சீல் ஒடஞ்சா எந்தக் கடையிலயும் எடுக்க மாட்டான், பாத்துக்கங்க." சாமியும் மேனேஜரும் ஒரே பேச்சு.

"பிரிக்காம எப்படிம்மா தெரியும்? விளிம்பே அட்டைக்குள்ள இருக்கு. எடை போட முடியல, ஓசை கேக்க முடியல."

"நீதான அசல்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப இருபத்திரெண்டு பேருகிட்டயும் போயித் தப்புன்னு சொல்லிட்டு வா. அப்புறமா பிரிக்கலாம்."

போகவில்லை. கால் வரவில்லை. நாளை உறுதியாகப் பார்த்துவிட்டுச் சொல்லலாம், அதற்குள் எதற்கு எல்லோரையும் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். வெட்கம்தான் உண்மை. வாழைப்பழத்தைத் தின்றுவிட்டேனே.

அம்மாவுக்கும் பயம் என்று நினைக்கிறேன். அவள் கையால் கொடுத்த காசு.


13 நவம்பர், வியாழன்

நடந்துவிட்டது.

மூக்கம்மா அத்தை மகளின் நர்சிங் பரீட்சைக் கட்டணத்துக்காகக் காசை வத்தலக்குண்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கடைக்காரன் சீலைக் கிழித்து, காசை இரண்டாக வெட்டி அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். மேலே வெள்ளை, உள்ளே செக்கச்செவேல். செம்பு. "கள்ளக் காசு விக்க வந்தியா, போலீசக் கூப்பிடவா" என்று வேறு கேட்டிருக்கிறான். கடை நிறைய ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே அத்தை அம்மாவைப் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது.

"ஏடி ராசகுமாரி, வெளிய வாடி! எம்புள்ள பீசக் கட்ட வச்சிருந்தத தின்னுபுட்டியேடி! உம்மக காந்தம் வச்சு கண்கட்டு வித்த காட்டுனாளே, எங்க அவ?"

நான் போய் முன்னால் நின்றேன். இரண்டு துண்டையும் என் கையில் அடித்தாள். "பாரு. நல்லாப் பாரு. படிச்சவதான?"

"நான் சொன்னது தப்பு அத்தை, காந்தத்துல—"

"தப்பா? தெரிஞ்சே சொன்னியா தெரியாமச் சொன்னியா, அதச் சொல்லு!"

அம்மா வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே போகவில்லை.


14 நவம்பர், வெள்ளி

பெரட்டுக்களத்தில் குருநாதன் பேசியதை அம்மா சொல்லவில்லை. அம்மாவோடு பறிக்கிற முருகேஸ்வரி அக்கா சொன்னாள்.

"நான் குடுத்தது நல்ல காசு. பெட்டி ஒரு ராத்திரி யார் வீட்டுல இருந்துச்சு? அந்த வீட்டுப் புள்ள எந்தக் கடையில வேல பாக்குது? நான் யாரையும் சொல்லல. நீங்களே யோசிச்சுக்கங்க."

உண்மை. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் அவன் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள் — திருட்டுப் போய்விடக் கூடாதே என்று. நான் வெள்ளிக்கடையில் வேலை பார்க்கிறேன். எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! எங்களைத் திருடிகள் என்று சொல்ல அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாரோ சொன்னார்களாம்: "சிலோன்காரிய நம்புனது நம்ம தப்பு." நாற்பத்துநாலு வருஷம். நாற்பத்துநாலு வருஷம் இந்த மலையில் அட்டைப் பூச்சிக் கடி வாங்கியவளுக்கு இன்னும் அந்தப் பெயர்தான்.


16 நவம்பர், ஞாயிறு

நேற்று அம்மா மதியச் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். யாரும் பக்கத்தில் உட்காரவில்லையாம். அதைக்கூட நான் கேட்டுத்தான் சொன்னாள்.

கோபம் வந்தால் எனக்கு எழுத்து கோணலாகிறது. இந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.


19 நவம்பர், புதன்

குருநாதன் எங்கள் கடைக்கும் போன் போட்டிருக்கிறான். நான் போனபோது சேனாதிபதி வெள்ளி டிராயரைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"உன்ன நம்புறேன்மா. ஆனா கடைப் பேருன்னு ஒண்ணு இருக்குல்ல."

"எண்ணுங்க சார். நல்லா எண்ணுங்க. கொறஞ்சிருந்தா நானே போலீசுக்கு வர்றேன்."

குறையவில்லை. எண்ணி முடித்துவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார். எனக்கும் சேர்த்தே வாங்கச் சொன்னார். நான் எனக்கு வாங்கவில்லை.

மாலையில் கேட்டேன்: "சின்னத் தராசு ரெண்டு நாளைக்கு வேணும் சார்." "கடைத் தராசு வெளிய போகாது" என்றார். சரி. போனில் ஆர்டர் போட்டுவிட்டேன். உள்ளங்கை அகலம், நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும். என் சொந்தத் தராசு.


22 நவம்பர், சனி

தராசு வந்தது. அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சாமிப்படத்தடியிலிருந்து அட்டையை எடுத்தாள், குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள், அரிவாள்மணையில் வைத்துச் சீலை அறுத்தாள். "பாரு" என்றாள்.

எடை இருபது கிராம், துல்லியம். எடையில் ஏமாற்றவில்லை. அதுதான் சாமர்த்தியம்.

அடுத்தது தண்ணீர். தராசின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் உள்ளே தொங்கவிட வேண்டும். காசு எவ்வளவு இடம் அடைக்கிறதோ அவ்வளவு தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். வெள்ளி கனமான உலோகம், இருபது கிராம் வெள்ளி கொஞ்ச இடத்துக்குள் அடங்கிவிடும்: 1.91. செம்பு அதைவிட லேசு, அதே இருபது கிராமுக்கு அதிக இடம் கேட்கும்.

2.23.

மூன்று தடவை செய்தேன். 2.23. 2.23. 2.24.

அம்மா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப மொத்தப் பெட்டியும் இப்புடித்தானா?"

மொத்தப் பெட்டியா — இல்லை! மொத்தம் இருபத்துநாலு பேர். பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது இருபத்திரண்டு. லீவில் இருந்த இரண்டு பேருடைய காசைப் பெட்டி எங்களிடம் வருவதற்கு முன்னாலேயே குருநாதன் எடுத்து ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். 'நேர்ல வந்து என் கையால வாங்கிக்கணும்' என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அந்த இரண்டும் எங்கள் வாசலையே மிதிக்கவில்லை.

நாங்கள் மாற்றியிருந்தால் அந்த இரண்டு மட்டும் வெள்ளியாக இருக்க வேண்டும். அவையும் செம்பு என்றால்?

அவற்றில் ஒன்று புவனாவுடையது. பிரசவ லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை வேலைக்கு வருகிறாள். அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிடுவேன்.


23 நவம்பர், ஞாயிறு

பண்ணைக்காட்டில் புவனாவின் தாய் வீட்டுக்குப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பிறகு முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

"எனக்கும் உங்கம்மா மேல சந்தேகந்தான். பொய் சொல்ல மாட்டேன்."

"சரி. அப்ப உன் காசப் பாத்துத் தெரிஞ்சுக்க. வெள்ளியா இருந்தா எங்க மூஞ்சியில நாலு பேரு முன்னாடி துப்பிட்டுப் போ."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "வாங்குறதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது, அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

பொய் சொல்லாதவள். இவள் போதும்.


24 நவம்பர், திங்கள்

பஸ்ஸில் போகும்போது ஒரு எண்ணம் வந்தது. அவன் அந்த இரண்டை மட்டும் நல்ல வெள்ளியாக மாற்றி வைத்திருந்தால்? பத்து நாள் நேரம் இருந்தது. மாற்றியிருந்தால் நாளை நானே கூட்டம் கூட்டி, நானே தராசு வைத்து, என் அம்மாவைத் திருடி என்று நிரூபித்துவிடுவேன்.

அம்மாவிடம் சொன்னேன். "மாத்தியிருந்தா மாத்தட்டும். நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். நீ வெரசா படு" என்றாள்.


25 நவம்பர், செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். எதையும் விடக் கூடாது.

ஏழு மணி, பெரட்டுக்களம். பனி. நான் ஓரத்தில் தராசுப் பையோடு நின்றேன். குருநாதன் பேரேட்டில் பெயர் கூப்பிட்டு முடித்தான். புவனா முன்னால் போனாள்.

"சார், என் தீவாளிக் காசு."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். ஒரு சலனம் இல்லை. சிரித்துக்கொண்டே ஆபீசுக்குள் போனான், அட்டையோடு வந்தான். கைநாட்டு வாங்கினான். கொடுக்கிறபோது பக்கத்தில் நின்று போட்டோ வேறு எடுக்கச் சொன்னான். எஸ்டேட் முதலாளி மதுரையில் இருக்கிறார், எது கொடுத்தாலும் அவருக்குப் போட்டோ போக வேண்டும். "நல்லாச் சிரிம்மா. பாத்தீங்களா, என் கையால குடுத்தது. இதுல ஒரு கொற உண்டா?"

"பாத்துருவோம் சார்" என்றாள் புவனா. அட்டையை என்னிடம் நீட்டினாள்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "காந்தம் ஒட்டலைன்னா அசல்னு போன மாசம் சொன்னது நான். அது தப்பு. தப்புன்னு தெரிஞ்ச பெறகும் ஒரு வாரம் வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்கல. அதுவும் தப்பு. எங்கம்மாவ ஏசாதீங்க, என்ன ஏசுங்க."

யாரும் ஏசவில்லை. அது இன்னும் மோசம்.

"யாரும்மா நீ? வெளியாளு உள்ள வரக் கூடாது" என்றான் குருநாதன்.

"லயத்துல பொறந்தவ சார். எந்த வெளி?"

சீலைக் கிழித்தேன். பேரேடு எழுதுகிற மேசையில் தராசை வைத்தேன். இருபது கிராம். டம்ளர், தண்ணீர், நூல். முதல் தடவை காசு அடியில் தட்டிவிட்டது. மறுபடி. தூக்கிப் பிடித்தேன். எண் ஓடியது, நின்றது.

2.23.

"செம்பு!" என்று கத்தினேன். "வெள்ளின்னா ஒண்ணு தொண்ணூத்தொண்ணுதான் காட்டணும்!"

எல்லோரும் என்னை வெறித்துப் பார்த்தார்கள். நான் கணக்கு எழுதிக் காட்ட நோட்டை எடுத்தேன். குருநாதன் சிரித்தான். "என்னமோ தண்ணி பொம்ம வெளையாட்டு."

அப்போது மூக்கம்மா அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏத்தா, நீ தண்ணியில ஆட்டிக்கிட்டே கெட. ஏலே பழனிமுத்து! கொட்டாயத் தொறந்து அந்த அரத்த எடுத்தா!"

சாமான் கொட்டகைக் காவலாள் பழனிமுத்து அண்ணன், மேனேஜரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ஓடினார். கிளை கழிக்கிற கவாத்துக் கத்தி தீட்டுகிற அரம். அத்தை காசை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, லட்சுமியை ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலே இழுப்பு.

சிவப்பு.

எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பனியிலும் அது பளிச்சென்று தெரிந்தது. அத்தை காசைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது ராசகுமாரி வீட்டுக்குப் போச்சா? போச்சாங்க மேனேசரு? சொல்லுங்க!"

"இன்னொண்ணு உள்ள இருக்குல்ல, அதையும் எடுங்க" என்றாள் புவனா. அவன் அசையவில்லை. "எனக்கே தெரியாதும்மா, நானும் ஏமாந்துட்டேன்" என்று ஆரம்பித்தான். முருகேஸ்வரி அக்கா அமைதியாகப் போய் ஆபீஸ் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஒருத்தி. பிறகு ஒவ்வொருத்தியாக. அந்த இன்னொரு காசும் வெளியே வந்தது. இரண்டாவது சிவப்பு.

அவன் ஏன் மாற்றி வைக்கவில்லை? நாள் முழுக்க யோசித்தேன். இந்தப் பொம்பளைகள் சீலைப் பிரிப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தான். எங்களைப் பற்றி அவன் வைத்திருந்த கேவலமான எண்ணம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அம்மா? அத்தனை நேரமும் வரிசையில் தன் இடத்திலேயே நின்றாள். எல்லாம் முடிந்ததும் பேரேட்டைக் குருநாதன் பக்கம் தள்ளி, "நேரமாச்சு, மலைக்கு ஆளு அனுப்பணும்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன்.


28 நவம்பர், வெள்ளி

மதுரையிலிருந்து எஸ்டேட் முதலாளி காரில் வந்தார். அசல் வெள்ளிக்கான பில்லைத்தான் குருநாதன் அவருக்குக் கொடுத்திருக்கிறான். எங்கே வாங்கினான், நடுவில் அவன் கையில் எவ்வளவு நின்றது — அதை அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்து, "எல்லாருக்கும் நல்ல கடைக் காசு வாங்கித் தர்றேன்" என்றார்.

அம்மா பேசினாள். அம்மா! "காசு வேணாங்க ஐயா. பணமாக் குடுங்க. பேங்குல போடுங்க. அதுக்கு அரம் தேவையில்ல."

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவருக்கு வேறு வழியில்லை.


12 டிசம்பர், வெள்ளி

பணம் ஏறிவிட்டது. இருபத்துநாலு போனிலும் ஒரே மத்தியானம் மெசேஜ். தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து மூன்று பெண்கள் கடைக்கு வந்து என்னைக் கேட்டார்கள், கையில் அட்டை. சேனாதிபதி எழுந்து நின்று, "எங்க கடைப் பொண்ணுதான், உக்காருங்க" என்றார். டிராயரை எண்ணிய அதே கை நாற்காலியை இழுத்துப் போட்டது. நான் மறக்கவில்லை. ஆனால் சோதித்துக் கொடுத்தேன். இரண்டு வெள்ளி, ஒன்று பித்தளை.


5 ஜனவரி 2026, திங்கள்

குருநாதன் இன்னும் மேனேஜர். எஸ்டேட் முதலாளியம்மாவுக்குச் சொந்தக்காரனாம். அம்மாவுக்குக் கங்காணி வேலை இல்லை. "வயசாயிருச்சு, ஓய்வெடுங்க." லயத்து வீட்டையும் இந்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'போலி' என்ற வார்த்தையே இல்லை.

நான் போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் என்று கிளம்பினேன். அம்மா கதவில் குறுக்கே நின்றாள். "பிடிச்சு? அந்தச் சட்டைய நான் தொவைக்கணுமா?"


6 ஜனவரி, செவ்வாய்

மூக்கம்மா அத்தை வந்தாள். பண்ணைக்காட்டில் அவளுக்குச் சொந்த வீடு. இதுவரை ஒரு மன்னிப்பு கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டாள். நின்றபடியே சொன்னாள்: "எங்க வீட்டுப் பின்கட்டு சும்மாதான் கெடக்கு. வாடக குடுத்துரணும், இப்பவே சொல்லிட்டேன்."

அம்மா, "தண்ணி வருதா?" என்று கேட்டாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"சரி."


19 ஜனவரி, திங்கள்

குடிவந்து நாலாவது நாள். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் மிளகு பறிக்க ஆள் கேட்டார்கள். அம்மா போய்ப் பேசினாள். கூலி வாராவாரம், போனஸ் முழுக்கப் பணம், மழைக்குத் தலையில் போடச் சாக்கு — மூன்றையும் தோட்டக்காரர் கையாலேயே எழுதி வாங்கி வந்தாள். என்னிடம் காட்டி, "எழுத்துப் பிழை இருக்கான்னு பாரு" என்றாள். இருந்தது. திருத்தவில்லை.

இன்று காலை ஜீப்பில் முதலில் அம்மாவும் அத்தையும். இரண்டாவது வளைவில் புவனா ஏறினாள். பிறகு முருகேஸ்வரி அக்கா. எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் ஏழு பேர் சோற்றுத் தூக்கோடு நின்றிருக்கிறார்கள். உள்ளே போவதற்கு இல்லை, ஜீப்பில் ஏறுவதற்கு.


8 பிப்ரவரி, ஞாயிறு

மொத்தம் பத்தொன்பது பேர் இப்போது அம்மாவோடு போகிறார்கள். ஜீப் இரண்டு நடை போகிறது.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. கை எச்சில், என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். குருநாதன். மிளகு கொடியிலேயே பழுத்து நிற்கிறது, பறிக்க ஆளில்லை, வெளியூர் ஆட்கள் ஏணியில் ஏறத் தெரியாமல் கொடியைப் பிய்க்கிறார்கள், பாதி தரையில். பழசை மறந்துவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னான். கங்காணி வேலை, லயத்து வீடு, எல்லாம் பேசிக்கொள்ளலாமாம்.

அம்மா முழுக்கக் கேட்டாள். ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

"எம்புட்டு உதிர்ந்துருக்கு?"

"நெறைய உதிர்ந்துருச்சும்மா. அதான் சொல்றேன்ல."

"உதிரட்டும்" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், நான் போனை அணைத்தேன்.

பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கம்மா அத்தை கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். "ஏடி ராசகுமாரி, யாரு போன்ல?"

"ஆளு கேட்டாங்க" என்றாள் அம்மா. "இல்லேன்னுட்டேன்."